தட்டுக்கு முன் கல்லாப்பெட்டி: இறைச்சிக் குறைப்பின் அரசியல் குறித்து

2013 ஆகஸ்ட் 5 அன்று, பசுமைக் கட்சியினர் நம் இறைச்சிக்குத் தடை போடப் பார்க்கிறார்கள் என்ற பொருளில் ஜெர்மனியின் 'பில்ட்' நாளேடு தலைப்பிட்டது. பொதுத்தேர்தலுக்கு ஏழே வாரங்கள் இருந்தன. அக்கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்ததோ, பொது உணவகங்களில் வாரம் ஒரு நாள் இறைச்சியில்லா உணவு வழங்கலாம் என்ற 'வெஜி டே' யோசனை மட்டுமே. நீண்ட அறிக்கையில் அது சில வரிகள். யாருடைய வீட்டு அடுப்பையும் அது தொடவில்லை. ஆயினும் மிச்சமிருந்த பிரச்சாரக் காலம் முழுவதும் கட்சி அந்தச் சில வரிகளுக்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. 2009இல் 10.7 விழுக்காடு வாக்குப் பெற்ற கட்சி செப்டம்பர் 22 அன்று 8.4 விழுக்காட்டுக்கு இறங்கியது. வரி உயர்வு வாக்குறுதி உட்பட வேறு காரணங்களும் இந்தச் சரிவுக்கு உண்டு. ஆனால் கட்சிக்காரர்களின் மனத்தில் வடுவாக நின்றுவிட்டது 'வெஜி டே'தான்.

இத்தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு. மக்கள் நாக்கின் சுவையை விடமாட்டார்கள் என்பது ஒன்று. இறைச்சித் தொழிலின் பணபலம் மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அதற்குப் பிந்தைய பத்தாண்டுகள் முதல் விளக்கத்தைப் பலவீனப்படுத்துகின்றன. எந்தச் சட்டமும் இல்லாமலே, ஜெர்மானியர் ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் இறைச்சி ஏறத்தாழ 60 கிலோவிலிருந்து 2022இல் 52 கிலோ அளவுக்குக் குறைந்தது. நாக்கு மாறக்கூடியதுதான். அவர்கள் ஏற்க மறுத்தது குறைப்பை அன்று. அதைச் சொன்ன குரலை. விலையையும் வரியையும் கால்நடைக் கொட்டகையையும் இருந்தபடியே விட்டுவிட்டு, உண்பவரிடம் மட்டும் ஓர் அரசு புத்தி சொன்னால், கேட்பவர் காதில் அது மேல்தட்டின் கண்டிப்பாகத்தான் விழும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உணவு தனிமனிதர் விருப்பம், அதில் அரசுக்கு என்ன வேலை என்று 2013இல் கேட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தட்டில் அரசின் கை ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியில் இறைச்சிக்கு மதிப்புக் கூட்டு வரி 7 விழுக்காடு. பொதுவான விகிதம் 19. பசும்பாலுக்கும் அதே 7தான். ஓட்ஸிலிருந்து எடுக்கும் பாலுக்கோ 19. கடையில் இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வரும் வாடிக்கையாளருக்கு, எதை வாங்க வேண்டும் என்பதை அரசின் ரசீதே சொல்லிவிடுகிறது. அதே அரசின் நிதியோடு வரும் ஊட்டச்சத்து ஆலோசனைகள் எதிர்த்திசையில் பேசுகின்றன: ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் 2024இல் வெளியிட்ட பரிந்துரையின்படி வாரத்துக்கு 300 கிராம் இறைச்சிக்கு மேல் வேண்டாம்.

பன்றி இறைச்சி இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி என்பதை 2020 ஜூன் மாதம் எல்லோருக்கும் காட்டியது. ரேடா-வீடன்புருக் நகரில் உள்ள ட்யோனியஸ் இறைச்சி ஆலையில் 1,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குக் கொரோனா தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து துணை ஒப்பந்தக்காரர்கள் வழியாக அழைத்துவரப்பட்டவர்கள். குளிரூட்டிய அறையில் நெருக்கமாக நின்று இறைச்சி வெட்டும் வேலை. வேலை முடிந்தால் நெரிசலான தங்குமிடம். நோய் ஊருக்குள் பரவும் என்ற அச்சம் வந்த பிறகே, வெட்டுக்கூடங்களில் ஒப்பந்தத் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது அதைத்தான்.

அதே 2020இல், முன்னாள் வேளாண் அமைச்சர் யோகன் போர்கெர்ட் தலைமையிலான குழு, கொட்டகைகளைச் சீரமைக்கும் செலவுக்காக இறைச்சிக்குக் கிலோவுக்கு 40 சென்ட் வரி விதிக்கலாம் என்றது. போர்கெர்ட் பசுமைக் கட்சிக்காரர் அல்லர். பழைமைவாதக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். வெஜி டே போல் இந்த யோசனை எந்தக் கொந்தளிப்பையும் கிளப்பவில்லை. அது சட்டமாகவும் இல்லை என்பது வேறு கதை.

டென்மார்க் வேறு வழியில் போனது. அதற்கும் முன்னால் ஓர் அடி வாங்கியிருந்தது. 2011 அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்புக்குக் கிலோவுக்கு 16 குரோனர் வரி போட்டது. இறைச்சியும் வெண்ணெயும் அதில் அகப்பட்டன. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய் வாங்கி வந்தார்கள். 2013 தொடக்கத்தில் வரி நீங்கியது. பத்தாண்டு கழித்து, 2023 அக்டோபரில் தாவர உணவுக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டபோது, எந்த நாடும் அதற்குமுன் அப்படி ஒன்றைச் செய்திருக்கவில்லை. சமையல்காரர்களுக்குப் பயிற்சி, உழவருக்கும் சிறு தொழிலுக்கும் நிதி என்பவையே அதன் உள்ளடக்கம். 2024இல் கால்நடை உமிழ்வுக்கு வரி என்ற முடிவும் எட்டப்பட்டது: 2030 முதல் டன்னுக்கு 300 குரோனர், 2035இல் 750. விவசாய அமைப்பும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து, பேரம் பேசி ஒப்புக்கொண்ட வரி அது. உழவருக்கு வரிக் கழிவுகள் தாராளமாகவே தரப்பட்டுள்ளன. அதைக் குறை சொல்பவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் சுமை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த விவாதத்தைத் தமிழில் படிப்பவருக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. இங்கே 'புலால் வேண்டாம்' என்ற சொல் காலநிலையை எண்ணிச் சொல்லப்படுவது அரிது. அது சாதியின் தூய்மைக் கணக்கில் வருவது. 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான், பழங்குடி மாவட்ட அங்கன்வாடிகளில் முட்டை தரும் திட்டத்தை ஏற்க மறுத்தது உடல்நலக் காரணத்தாலோ உமிழ்வுக் கணக்காலோ அன்று. இத்தகையோர் கையில் ஐரோப்பிய ஆய்வறிக்கைகள் இன்று புதுச் சான்றிதழாகக் கிடைத்துள்ளன.

அவற்றில் ஒன்றான, 2019இல் வெளியான ஈட்-லான்செட் அறிக்கை வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 14 கிராம் சிவப்பு இறைச்சி, 13 கிராம் முட்டை என்று கணக்கிட்டது. 13 கிராம் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை முட்டை. தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடத்தில் 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டையாகத் தொடங்கியது, 2010இல் வாரம் ஐந்தாக உயர்ந்தது; முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒன்றரையை ஐந்துக்கு எதிராக நிறுத்துவது எளிது. ஆனால் ஊட்டக்குறைவுள்ள நாடுகளில் வளரும் குழந்தைகளுக்கு விலங்குணவு தேவைப்படலாம் என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. 13 கிராம் கணக்கைக் காட்டிச் சத்துணவு முட்டையைக் குறைக்கச் சொல்பவர், அறிக்கையைப் பாதியில் மூடியவர்.