பாண்டியனின் குதிரைப் பந்தி

ஆவணி மூலத் திருவிழாவில் நரி பரியான திருவிளையாடலை ஆண்டுதோறும் கேட்டு உருகுகின்றோம். கேட்கும்போதெல்லாம் நம் உள்ளம் வாதவூரடிகளின் பக்கமே நிற்கும். பாண்டியனைக் கொடியவன் என்று தள்ளிவிடுவோம். இம்முறை சிறிது நேரம் அவனுடைய குதிரைப் பந்தியின் வாயிலில் நின்று பார்ப்போம்.

குதிரையின்மேல் மன்னர் கொண்ட ஆசை போருக்காக மட்டும் எழுந்ததன்று. நல்ல பரி ஒன்றின் நடையைக் காண்பதும், அதன்மேல் அமர்ந்து வீதி வருவதும் அவர்களுக்குப் பேரின்பம். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் பெருமானே குதிரைச் சேவகனாக வந்து, பரிகளை ஐவகை நடையிலும் நடத்திக் காட்டுகின்றான். அரசன் மெய்ம்மறந்து மகிழ்கின்றான். சேரமான் பெருமாள் நாயனாரோ கயிலைக்கே குதிரையில் சென்றவர்; அதன் செவியில் திருவைந்தெழுத்தை ஓதினார் என்பது சேக்கிழார் வாக்கு. ஆகவே அவ்வாசையை இழிந்ததென்று கூற நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவ்வின்பத்திற்கு விலை உண்டு. பெண்குதிரை ஏறத்தாழப் பதினொரு திங்கள் சினை சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். பிறந்த ஓரிரு நாழிகையில் அக்குட்டி நடுங்கும் கால்களை ஊன்றி எழுந்து நிற்பதைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். எனினும் மூன்று நான்கு ஆண்டுகள் நிரம்பும்வரை அதன்மேல் ஆள் ஏறலாகாது. அத்தனைக் காலமும் கொள்ளும் புல்லும் இட வேண்டும். குளம்பைச் செதுக்க வேண்டும். நோயறிந்து மருந்தூட்ட வேண்டும். வளர்ப்பவனுக்குப் பொன்னைக் காட்டிலும் பொறுமையே மிகுதியாகச் செலவாகும்.

பாண்டியர் அப்பொறுமையை மேற்கொள்ளவில்லை, பொன்னைக் கொடுத்தனர். கடல்வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே கூறும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாணிகம் பெருவெள்ளமாயிற்று. ஆர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் காயலில் வந்து இறங்கின. அக்காலத்தில் இந்நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். இங்கே குதிரை மருத்துவர் இல்லை. வணிகர் அவர்களை வரவிடவும் இல்லை. குதிரை இறந்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்! உயர்ந்த இனக் குதிரையைச் சேர்த்தாலும் கால் கோணிய குட்டியே பிறந்தது என்பதும் அவர் குறிப்பு.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் நுணுக்கமாகக் கணக்குத் தருகின்றார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார்; 10,000 குதிரைகளுக்கு 22 இலட்சம். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த தானியத்தையும் நெய் கலந்த உணவையும் காய்ச்சிய பசும்பாலையும் ஊட்டினராம். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்துப் பின் பழக்காமலே ஏறி ஓட்டினராம். அன்பில்லாமல் அன்று, அறியாமையால் கெடுத்தனர் என்றே நாம் கொள்கின்றோம். கடல்நடுவே குதிரை இறந்தாலும் விலையை அரசனே கொடுக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. புராணத்திலும் கயிறு மாறிக் கொடுத்தபின் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. கடலில் மாண்டாலும் பந்தியில் நரியானாலும் இழப்பு வாங்கியவனுக்கே.

வஸ்ஸாபின் மற்றொரு கூற்று நம்மைத் திடுக்கிடச் செய்கின்றது. இப்பெருந்தொகை கோயில் நிலங்களின் வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டதாம். அயலவர் செவிவழி கேட்டு எழுதியதை முழுதும் நம்ப வேண்டுவதில்லை. ஆயினும் அதில் பாதியேனும் உண்மையாயின், திருப்பெருந்துறையில் நிகழ்ந்ததற்கு இது நேர்மாறானது அன்றோ? அங்கே குதிரைக்கென வைத்த பொன் கோயிலுக்குச் சென்றது. இங்கே கோயிலுக்கென வைத்த பொன் குதிரைக்குச் சென்றது. முன்னதற்காக அமைச்சர் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். பின்னதற்காக யாரும் ஒறுக்கப்பட்டதாக அவர் எழுதவில்லை.

தென்னாட்டு மண்ணே குதிரைக்கு ஆகாது என்று சிலர் முடிவு கட்டுவர். முழுதும் அப்படியன்று. கன்னட நாட்டுக் குணிகல்லில் திப்பு சுல்தானின் படைக்குக் குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் படைக்குதிரைப் பண்ணை தொடங்கப்பெற்றது. மேட்டுநிலமும் மேய்ச்சலும் கைதேர்ந்த ஆட்களும் அமைந்த இடங்கள் அவை. காயற்கரையின் வெப்பத்தில் கட்டிவைத்துப் பாலூட்டியதோடு அவற்றை ஒப்பிடலாகாது.

இனித் திருவிளையாடலுக்கு வருவோம். அன்றிரவு நரியாக மாறியவை ஊளையிட்டு ஓடிவிட்டன. அவற்றால் கடியுண்டு மாண்டவை பந்தியில் முன்பே நின்ற பழைய குதிரைகள். மரக்கலத்தின் அடியில் கடல் கடந்து வந்து, நமது வெயிலையும் தாங்கிப் பிழைத்திருந்தவை. நாம் எத்தனையோ திருவிழாக்களில் இக்கதை கேட்டிருக்கின்றோம். அவற்றுக்காக நின்று ஒரு சொல் கூறிய புராணிகரைக் கண்டதில்லை.