பாய்பொருளியல் கண்ட பேராசிரியர் பேர்ட்

பலகைமேல் தேன் மெல்ல வழிந்தோடுகின்றது. உலையிலிட்ட இரும்புக் கரண்டியின் காம்பு சிறிது நேரத்திற் சுடுகின்றது. அசையாத நீரிலே விழுந்த ஒரு துளி மை தானாகவே பரந்து செல்கின்றது. இவை மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகள் என்றே எவரும் கருதுவர். ஆயின், இவற்றின் அடியில் ஓடுவது ஒரே நெறி. அந்நெறியை ஒரு கல்வித்துறைக்கே அடித்தளமாக்கியவருள் தலைசிறந்தவர் அமெரிக்க இரசாயனப் பொறியியலறிஞர் ரொபேட் பைரன் பேர்ட்.

அவர் செய்த பணியின் அருமையை உணர, அவருக்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். இரசாயனப் பொறியியல் இளைய துறை. தொடக்கத்தில் அது கைத்தொழில்களின் தொகுப்பாகவே இருந்தது. சவர்க்காரம் செய்வார்க்கு ஒரு முறை, சீனி காய்ச்சுவார்க்கு ஒரு முறை, சாயம் ஆக்குவார்க்கு வேறொரு முறை எனக் கற்பிக்கப்பட்டது. 1915 இல் ஆதர் டி. லிற்றில் என்பார், எத்தொழிலாயினும் அது வடித்தல், உலர்த்தல், வடிகட்டல், ஆவியாக்கல் முதலிய சில பொதுச் செயல்களின் கோவையே என எடுத்துக்காட்டி, அவற்றுக்கு ‘அலகுச் செயல்கள்’ எனப் பெயரிட்டார். வோக்கர், லூயிஸ், மக்கடம்ஸ் ஆகிய மூவரும் 1923 இல் வெளியிட்ட பாடநூல் இக்கருத்தை நிலைநாட்டியது. தொழில்கள் பலவாயிருந்த நிலை மாறிச் செயல்கள் சிலவாயின. எனினும் அச்செயல்களுக்கும் அடியில் உள்ளது யாது என்னும் வினா எஞ்சி நின்றது.

பேர்ட் 1924 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆந் திகதி டெக்சாஸ் மாநிலத்துப் பிறையன் நகரிலே பிறந்தார். இரண்டாம் உலகப்போர் அவருடைய பல்கலைக்கழகக் கல்வியை இடைமறித்தது. படைச்சேவை முடிந்தபின், 1947 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியற் பட்டம் பெற்றார். பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தை அடைந்து, ஜோசப் ஹேஷ்பெல்டரிடம் பயின்று, 1950 இல் இரசாயனவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதன்பின் ஓராண்டு அம்ஸ்ரடாம் நகரில் ஆராய்ச்சி செய்தார். ஹேஷ்பெல்டர், கேர்ட்டிஸ் என்பாருடன் அவர் எழுதிய ‘வாயுக்கள், திரவங்கள் பற்றிய மூலக்கூற்றுக் கொள்கை’ என்னும் பெருநூல் 1954 இல் வெளிவந்தது. அதற்கிடையில் டூபொன்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திலும் சிறிது காலம் பணிபுரிந்தார். 1953 இல் ஆசிரியராக விஸ்கொன்சினுக்கு மீண்டவர், ஓய்வுபெறும்வரை அதனை விட்டு நீங்கவில்லை.

இவ்வாறு மூலக்கூறுகளின் நுண்ணுலகையும் தொழிற்சாலையின் பேருலகையும் ஒருங்கே அறிந்தவராதலின், இரண்டையும் இணைக்கும் பாலம் எதுவென அவர் கண்டார். பாய்பொருளின் அடுத்தடுத்த படைகள் வெவ்வேறு வேகத்திற் செல்லும்போது, விரைந்த படையிலிருந்து மந்தமான படைக்கு உந்தம் செல்கின்றது. வேகவேறுபாடு எவ்வளவு செங்குத்தானதோ அவ்வளவுக்கு உந்தமும் மிகுதியாகச் செல்லும். இது நியூற்றன் கண்ட விதி. வெப்பநிலை வேறுபாட்டுக்கேற்ப வெப்பம் செல்லும் என்றார் பூரியே, 1822 இல். செறிவு வேறுபாட்டுக்கேற்பப் பொருள் பரவும் என்றார் பிக், 1855 இல். உந்தம், வெப்பம், திணிவு ஆகிய மூன்றும் செல்லும் வகையைக் கூறும் இம்மூன்று விதிகளும் வடிவால் ஒன்றே. இவ்வொற்றுமை முன்னரே அறியப்பட்டதாயினும், மாணவன் தன் படிப்பைத் தொடங்கவேண்டிய வாயிலாக அஃது அமைக்கப்படவில்லை.

அவ்வாயிலைத் திறந்தது, பேர்ட் தம் சகஆசிரியர் வாரன் ஸ்ருவேட், எட்வின் லைற்பூட் என்பாருடன் எழுதிய ‘ட்ரான்ஸ்போர்ட் பினோமினா’, அதாவது ‘கொண்டுசெல்லல் தோற்றப்பாடுகள்’ என்னும் நூலாகும். 1958 இல் வகுப்புக் குறிப்புக்களாக அச்சேறிய அது, 1960 இல் முழுநூலாயிற்று. அந்நூல் கற்பித்த முறை வணிகனின் கணக்கேட்டை ஒத்தது. குழாயிற் செல்லும் நீரினுள்ளே மெல்லிய ஓர் ஓட்டினைக் கற்பனை செய்து, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே சென்றது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என வரவு செலவு காணல் வேண்டும். ஓட்டின் தடிப்பைக் குறைத்துக்கொண்டே செல்ல, அக்கணக்கு வகையீட்டுச் சமன்பாடாக மாறும். அதனைத் தீர்த்தால், குழாயின் நடுவே நீர் விரைவதும் சுவரருகே தேங்குவதும் எண்ணளவில் வெளிப்படும். இம்முறையை உந்தத்திற்குக் கற்றவன், அதனையே வெப்பத்திற்கும் திணிவிற்கும் ஆளலாம்.

பொறியியல் மாணவனுக்கு இத்துணைக் கணிதம் வேண்டுமோ என்னும் ஐயம் அக்காலத்தில் எழுந்தமை இயல்பே. தொழிற்சாலையில் நிற்பவனுக்கு வேண்டுவது அட்டவணையும் அநுபவமும் அன்றோ என்பர் ஒருசாரார். ஆயின், நேற்றைய அட்டவணை நாளைய பொருளுக்கு உதவாது. அடிப்படை அறிந்தவனே புதியதை எதிர்கொள்ள வல்லவன். நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டமையும், அதன் பெயரிலேயே பல்கலைக்கழகங்களிற் பாடங்கள் தோன்றியமையும் அவ்வையத்திற்கு விடையாயின. நூலின் முன்னுரையிலுள்ள வாக்கியங்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால், இந்நூல் ஓ. ஏ. ஹூகனுக்கு உரித்தாக்கப்பட்டது என்னும் பொருள்தரும் ஆங்கில வாக்கியம் தோன்றும். அத்துறையை வளர்த்த மூத்த பேராசிரியர்க்குச் சித்திரகவி போன்று மறைவாகச் செய்த வணக்கம் அது.

தாம் கற்பித்த விதியோடு பேர்ட் அமைந்துவிடவில்லை என்பதே அவர் பெருமையிற் சிறந்த பகுதியாகும். நீரும் எண்ணெயும் நியூற்றன் விதிக்கு அடங்குவன. உருகிய பிளாத்திக்கும் பல்பகுதியக் கரைசல்களும் அடங்குவன அல்ல. நீர்நிறைந்த பாத்திரத்தில் ஒரு கோலை நட்டுச் சுழற்றினால், கோலைச் சூழ்ந்த நீர் பள்ளமாகும். பல்பகுதியக் கரைசலிற் சுழற்றினாலோ, கரைசல் கோலின்மேல் ஏறும். முட்டையின் வெண்கருவும் இவ்வாறு ஏறுவதுண்டு. நுண்குழாயிலிருந்து வெளிப்படும் உருகிய பல்பகுதியம், குழாயின் வாயினும் பெரிதாகப் பருக்கும். இதனை அறியாது செயற்கை நூலிழைக்கோ பிளாத்திக்குக் குழாய்க்கோ அச்சுத்துளை அமைப்பவன் கருதிய அளவைப் பெறமாட்டான்.

காரணத்தை மூலக்கூற்றின் உருவிலே தேடினார் பேர்ட். நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூற்றினை, வில்லினாலோ கோலினாலோ இணைக்கப்பட்ட மணிகளாக உருவகித்தார். ஓய்விற் சுருண்டு கிடக்கும் அச்சங்கிலி, ஓட்டத்திலே நீண்டு இழுவிசை பெறும். வட்டமாக ஓடும்போது அவ்விசை, இறுக்கிய கயிறுபோல், பாய்பொருளை நடுவே நெருக்கிக் கோலின்மேல் ஏற்றும். இத்தகைய ஆராய்ச்சிகள் ஆம்ஸ்ட்ரோங், ஹசாகர், கேர்ட்டிஸ் ஆகியோருடன் அவர் எழுதி 1977 இல் இரு பாகங்களாக வெளிவந்த ‘பல்பகுதியத் திரவங்களின் இயக்கவியல்’ என்னும் நூலிலே தொகுக்கப்பெற்றன. விதியை நிறுவும் நூலிற் பங்குகொண்டவரே, அவ்விதி எங்கே நின்றுவிடும் என்று காட்டும் நூலுக்கும் தலைநின்றார்.

மொழிகளிலும் அவர்க்கிருந்த ஈடுபாடு பெரிது. டச்சு மொழி கற்போர்க்கு வாசிப்பு நூல் தொகுத்தார். 1962–63 இல் யப்பானியப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றினார். பின்னர், யப்பானிய அறிவியற் கட்டுரைகளை மூலமொழியிலேயே படிக்க விரும்பும் பொறியியலாளர்க்கென டோப், இனூவே என்பாருடன் எழுதிய பாடநூல் 1975 இல் வெளிவந்தது. மூன்று விதிகளுக்கு ஒரே இலக்கணம் கண்டவர், பிறமொழி இலக்கணங்களிலும் மனம் தோய்ந்தமை வியப்பன்று. அறிவு ஒரு மொழிக்கே உரியதன்று என்பதை அவர் செயலாற் காட்டினார்.

1987 இல் அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியற் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆந் திகதி, தம் தொண்ணூற்றாறாம் அகவையில் அவர் மறைந்தார். பொறிகள் பழுதடையும், ஆலைகள் மாறும், அட்டவணைகள் பழமையாகும். பலவாகத் தோன்றுவனவற்றுள் ஒன்றைக் காணவும், கண்ட ஒன்றின் எல்லையை அஞ்சாது ஆராயவும் மாணவரைப் பழக்கிய ஆசிரியரின் பணி, அவரிடம் கற்றார்வழியே தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.