பல் சிகிச்சை உதவியாளர் தொழில்: சான்றிதழும் சட்ட எல்லைகளும்

வெள்ளவத்தை காலி வீதியிலும், அங்கிருந்து கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையிலும் தனியார் பல் சிகிச்சை நிலையங்கள் பல இயங்கி வருகின்றன. பகலில் அரச வைத்தியசாலைகளில் கடமையாற்றும் பல் வைத்தியர்கள் பலர் மாலை வேளைகளில் இந்நிலையங்களில் நோயாளரைப் பார்வையிடுகின்றனர். அவர்களுக்கு அருகில் நின்று உதவுவோரில் க.பொ.த. சாதாரண தரம் அல்லது உயர்தரம் முடித்த தமிழ், முஸ்லிம் யுவதிகள் கணிசமானோர். வீட்டுக்கு அண்மையிலுள்ள கௌரவமான தொழில் எனப் பெற்றோரும் இதனை விரும்புகின்றனர்.

எனினும் நியமனக் கடிதமோ முறையான பயிற்சியோ இன்றி, தெரிந்தவர் ஒருவரின் சிபாரிசில் இத்தொழிலில் இணைபவர்கள் பலர். பல வருடங்கள் கடந்த பின் அவர்களிடம் அனுபவம் இருக்கின்றது; அதனை நிரூபிக்கும் ஆவணம் இருப்பதில்லை. இத்தொழிலை நாடுவோர் சான்றிதழ் பற்றியும், சட்டம் எதனை அனுமதிக்கின்றது, எதனைத் தடுக்கின்றது என்பது பற்றியும் ஆரம்பத்திலேயே அறிந்திருத்தல் அவசியமாகும்.

பணியின் இயல்பு

நோயாளரை ஆசனத்தில் அமர்த்துதல், உபகரணங்களை ஒழுங்குபடுத்திக் கொடுத்தல், சிகிச்சையின்போது வாயில் சேரும் உமிழ்நீரையும் நீரையும் உறிஞ்சு குழாயால் அகற்றுதல், பல் அடைப்பதற்கான கலவைகளைத் தயாரித்தல், நோயாளர் பதிவுகளைப் பேணுதல் ஆகியன உதவியாளரின் பிரதான பணிகளாகும். இவற்றுள் மிகவும் பொறுப்பு வாய்ந்தது கிருமியழித்தலே. கழுவித் துடைத்த உபகரணம் பார்வைக்குத் தூய்மையாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டோகிளேவ் இயந்திரத்தில் அழுத்தத்துடன் கூடிய நீராவியில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடங்கள், அல்லது 134 பாகையில் குறைந்தது 3 நிமிடங்கள் வைக்கப்பட்ட பின்னரே அது அடுத்த நோயாளருக்குப் பாதுகாப்பானதாகின்றது. இந்த நேரத்தைச் சுருக்குவதனால் ஒருவரின் இரத்தத்திலுள்ள நோய் மற்றவருக்குத் தொற்ற இடமுண்டு.

பெண் நோயாளர்கள், குறிப்பாக முஸ்லிம் பெண்கள், ஆண் வைத்தியரிடம் சிகிச்சை பெறும்போது அறையில் பெண் உதவியாளர் ஒருவர் இருப்பதையே விரும்புகின்றனர். அவரது பிரசன்னம் நோயாளருக்கு மட்டுமன்றி வைத்தியருக்கும் பாதுகாப்பாகும். சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவு பேசத் தெரிந்த தமிழ்மொழி உதவியாளருக்குக் கொழும்பில் கூடுதல் மதிப்பு உண்டு.

சட்டம் வரையும் எல்லை

இலங்கையில் பல் வைத்தியத் தொழிலை நெறிப்படுத்துவது 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமாகும். இதன் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரே பல் சிகிச்சை செய்யலாம். தனியார் நிலையத்தில் பணிபுரியும் உதவியாளருக்கு இத்தகைய கட்டாயப் பதிவு கிடையாது. எவரும் இத்தொழிலில் இலகுவாக நுழைய முடிவதற்கு அதுவே காரணம். அதே காரணத்தினால், தமது எல்லை எதுவென்பதை உதவியாளர் தாமே தெளிவாக அறிந்திருக்க வேண்டியவராகின்றார்.

பல் பிடுங்குதல், பல் அடைத்தல், விறைப்பு ஊசி போடுதல், பற்காறை அகற்றுதல், நோயை நிர்ணயித்து மருந்து கொடுத்தல் ஆகியன உதவியாளரின் பணிகள் அல்ல. "வைத்தியர் இன்று தாமதம், பல்லை மட்டும் சுத்தம் செய்து அனுப்பிவிடு" என்று கூறப்படும் சந்தர்ப்பங்களே ஆபத்தானவை. நோயாளருக்குத் தீங்கு நேர்ந்தால், பணித்ததைச் செய்தேன் என்பது போதுமான விடையாக அமையாது. இத்தகைய பணியை மரியாதையுடன் மறுப்பதே முறையாகும்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் நன்று. அரச பாடசாலைகளில் சிறார்களுக்குப் பல் சிகிச்சை அளிக்கும் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பதவி முற்றிலும் வேறானது. 1921 இல் நியூசிலாந்தில் ஆரம்பிக்கப்பட்ட பாடசாலைப் பற்தாதியர் முறையைப் பின்பற்றி உருவான இப்பதவிக்குச் சுகாதார அமைச்சு ஆட்சேர்ப்புச் செய்து மகரகமையில் பயிற்சி வழங்குகின்றது. தனியார் நிறுவனமொன்றின் உதவியாளர் சான்றிதழ் அப்பதவிக்கு வழிவகுக்காது.

பணியில் சேர முன்னர் வேலை வழங்குநரைப் பற்றியும் விசாரித்தறிதல் வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டத்தின் கீழ் தனியார் பல் சிகிச்சை நிலையங்களும் பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவற்ற நிலையத்தில் பெற்ற அனுபவத்திற்குப் பிற்காலத்தில் மதிப்பிருக்காது.

எந்தச் சான்றிதழ் பயனுள்ளது?

பத்திரிகைகளிலும் கைப்பிரசுரங்களிலும் வெளிவரும் குறுங்காலப் பயிற்சி நெறி விளம்பரங்கள் பல. பணம் செலுத்த முன்னர் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். முதலாவது, அந்நிறுவனம் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டுள்ளதா? இரண்டாவது, குறிப்பிட்ட பயிற்சி நெறிக்குத் தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. மட்டம் உண்டா, உண்டெனில் அது எத்தனையாவது மட்டம்? நிறுவனம் பதிவு பெற்றிருப்பதும் பயிற்சி நெறி அங்கீகாரம் பெற்றிருப்பதும் ஒன்றல்ல. ஏழு மட்டங்களைக் கொண்ட இம்முறையில் முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்களும், ஐந்தாம் ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாக்களுமாகும். ஆணைக்குழு நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் அமைந்துள்ளமையால் நேரில் சென்று விசாரிப்பதும் சிரமமன்று.

ஏற்கனவே அனுபவமுள்ளவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. வேலைத்தளத்தில் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் என்.வி.கியூ. முறையில் அடங்கியுள்ளது. அதற்கு வைத்தியரின் அனுபவக் கடிதமும் செய்த பணிகளின் பதிவும் உதவும்.

பாதுகாப்பும் உரிமையும்

ஊசி குத்துதல் இத்தொழிலின் நிரந்தர அபாயமாகும். ஈரலழற்சி பி தடுப்பூசியை மூன்று தடவைகள், முதலாவதன் பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் என, பெற்றுக்கொள்ளல் வேண்டும். இலங்கையில் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 2003 ஆம் ஆண்டு முதலே படிப்படியாக வழங்கப்பட்டது. ஆகவே அதற்கு முன் பிறந்தவர்கள் விசேட கவனம் செலுத்துதல் நன்று. ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்காமல் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, தாமதமின்றி வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளரின் வாயில் படச்சுருளை உதவியாளர் கையால் பிடித்திருக்கவே கூடாது.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் வேலை வழங்குநரிடமிருந்து 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலை வழங்குநரிடமிருந்து மேலும் 3 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். தகுதிகாண் காலம் என்று காரணங்கூறி இதனைத் தவிர்க்க இயலாது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே கட்டாயமானது. சிறிய சிகிச்சை நிலையங்களில் பணிபுரிவோருக்கு அது கிட்டுவது அரிது. ஆகையால் சேமலாப நிதியே அவர்களது முதுமைக்கான பிரதான சேமிப்பு என்பதை மறத்தலாகாது. சம்பளம், வேலை நேரம், விடுமுறை என்பன எழுத்தில் உள்ள நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுவது உரிமையே. அதனை நன்றி மறந்த செயலாகக் கருதலாகாது.

கடல் கடந்த வாய்ப்பு

பிரித்தானியாவில் பற்தாதியராகப் பணிபுரிய 2008 ஆம் ஆண்டு முதல் பொதுப் பல் மருத்துவ சபையில் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. கனடாவில் தேசிய அளவிலான பரீட்சைச் சபையொன்று உதவியாளர்களை மதிப்பிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சுகாதாரத் தொழில் அனுமதிக்குச் சான்றிதழும் அனுபவக் கடிதமும் அவற்றை வழங்கியோரிடமே நேரடியாகச் சரிபார்க்கப்படுகின்றன. வெள்ளவத்தையில் பெற்ற ஒரு கடிதம் பதிவு பெற்ற நிலையத்திலிருந்து வந்ததா என்பது அங்கு தீர்மானகரமானதாகின்றது. வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறும் முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றவரா என்பதையும் உறுதிப்படுத்துதல் வேண்டும்.

பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பும் பெற்றோர் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதோடு நிற்காமல், நிலையத்தின் பதிவு, நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம், தடுப்பூசி ஆகிய நான்கையும் விசாரித்தறிவார்களாயின், அதுவே அப்பிள்ளைகளின் எதிர்காலத்துக்குச் சிறந்த காப்பாக அமையும்.