ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரி

பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். அவருடைய மாமாவுக்கு டான்சில் பக்கம் புற்றுநோய். "சார், ரிப்போர்ட்ல பி16 பாசிட்டிவ்னு போட்டிருக்கு. முத்திப் போச்சுன்னு அர்த்தமா?" என்றார். டாக்டரிடம் கேள் என்றேன். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கட்டி எவ்வளவு பெரிது, நெறி கட்டியிருக்கிறதா, வேறு இடத்துக்குப் பரவியதா என்று பார்க்கும் முறையை 1943 முதல் 1952 வரை வகுத்தவர் பிரான்சின் பியர் தெனுவா. ஆனால் ஒரே அளவு கட்டி உள்ள இருவரில் ஒருவர் பிழைப்பார், மற்றவர் போய்விடுவார். ஏன் என்று அளவுகோலுக்குத் தெரியாது.

1983இல் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் குழு, கருப்பைவாய்ப் புற்றில் எச்.பி.வி. 16 வைரஸைக் கண்டது. 2000இல் அமெரிக்காவில் மௌரா கில்லிசன் குழு, டான்சில், அடிநாக்குப் புற்றுகளில் ஒரு பகுதிக்கும் இதுவே காரணம் என்று காட்டியது.

பி16 நம் எல்லோரிடமும் உள்ள மரபணுதான். செல் கண்டபடி பெருகாமல் பிடிக்கும் பிரேக் அது. வைரஸ், பிரேக் வயரை அறுத்துவிடுகிறது. செல்லோ பிரேக்கை மேலும் மேலும் அழுத்துகிறது. அதனால் பி16 புரதம் குவிந்து, சாயமிட்டால் பளிச்சென்று தெரிகிறது. புகையிலைப் புற்றில் பெரும்பாலும் அந்த மரபணுவே தொலைந்துபோயிருக்கும்.

2010இல் கியான் ஆங் குழு கணக்குப் பார்த்தது. முற்றிய தொண்டைப் புற்றிலும் வைரஸ் உள்ளவர்களில் 82.4 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 57.1. பாசிட்டிவ் என்பது இங்கே நல்ல சேதி! 2017இல் வெளிவந்த அமெரிக்க நிலைப் பகுப்பு நூலின் எட்டாம் பதிப்பு இவர்களைத் தனி வகையாக்கியது.

அப்படியானால் மருந்தைக் குறைக்கலாமே என்று முயன்றார்கள். சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப். 2018இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் 2 ஆண்டு பிழைத்தவர்கள் 97.5இலிருந்து 89.4 சதவீதமாகக் குறைந்தார்கள். நல்ல நோக்கம்தான், பயன் இல்லை.

நம் ஊரில் அதிகம் காணும் கன்னம், ஈறு புற்றுக்கு இந்த பி16 கணக்கு பொருந்தாது. அங்கே வில்லன் புகையிலையும் பாக்கும்தான். ஆங் கணக்கிலேயே இன்னொரு வரியும் உண்டு: வைரஸ் இருந்தும் நெடுநாள் புகைத்தவர்களுக்கு அந்த அனுகூலம் குறைந்தது.

மாணவரிடம், "மாமாவுக்கு பீடி, சிகரெட் பழக்கம் உண்டாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.