ஒரு பொய், நூறு உண்மை: ஹேக்கின்டாஷ் கதை

வாழப்பாடியில் மச்சான் ஒருத்தர் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மேசைக்கு அடியில் ஒரு கறுப்பு கேபினெட். உள்ளே இருப்பது தனித்தனியாக வாங்கிச் சேர்த்த இன்டெல் பிராசசர், மதர்போர்டு, ராம். திரையில் ஓடுவது மட்டும் ஆப்பிளின் மேக்ஓஎஸ். ஃபைனல் கட் மேக்கில்தான் ஓடும், மேக் வாங்கக் காசு பத்தவில்லை, அதனால் இந்த வழி. இப்படிப்பட்ட பெட்டிக்குத்தான் ஹேக்கின்டாஷ் என்று பேர்.

வைகாசி முகூர்த்த சீசன் நடுவில் அது படுத்துவிட்டது. புது எஸ்எஸ்டி போட்டு, பென்டிரைவிலிருந்து மறுபடி இன்ஸ்டால் பண்ணப் பார்த்திருக்கிறார். ஆப்பிள் படம் வருகிறது, கீழே கோடு பாதி ஓடுகிறது, அப்புறம் வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட தடைக்குறி. மூன்று கல்யாண வீடியோ பாக்கி. "சேலத்துல ஃப்ரெண்டு மெஷின்ல இதே ஃபோல்டர் அருமையா ஓடுது மாப்ள. அப்படியேதான் காப்பி பண்ணேன்" என்றார்.

கோளாறு அந்த 'அப்படியே'யில்தான் இருந்தது. அது ஏன் என்று புரிய, இந்தப் பெட்டி வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1981இல் ஐபிஎம் தன் பிசியை வெளியில் கிடைக்கிற பாகங்களை வைத்தே செய்தது. அதில் ஐபிஎம்முக்கே சொந்தம் என்று சொல்லத்தக்கது முக்கியமாக பயாஸ் நிரல்தான். 1982இல் காம்பாக் நிறுவனம் அதைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் பயாஸை தானே எழுதிக்கொண்டது. அந்தக் கதவு திறந்ததால்தான் பின்னாளில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சேலத்துக் கடைகளிலும் 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் என்ற ஒன்றே சாத்தியமானது.

ஆப்பிள் அந்தக் கதவைத் திறக்க விடவில்லை. ஆப்பிள் 2 கணினியின் நிரல்களை அப்படியே நகலெடுத்த ஃபிராங்க்ளின் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு, 1983இல் மேல்முறையீட்டில் ஜெயித்தது. 1995இல் மனசு மாறி, பவர் கம்ப்யூட்டிங் போன்ற நிறுவனங்களுக்கு மேக் நகல்கள் செய்ய உரிமம் கொடுத்தது. அவை ஆப்பிளின் சொந்த விற்பனையையே கடித்தன. 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஏற்பாட்டை முடித்துக்கட்டினார். பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலை 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து ஆப்பிளே வாங்கிக்கொண்டது.

அதுவரை மேக்கின் பிராசசரும் வேறு ஜாதி. சாதாரண பிசியில் மேக் ஓஎஸ் ஓடுவது நினைத்துப் பார்க்க முடியாதது. 2005 ஜூன் 6 அன்று அது மாறியது. இனி மேக்கில் இன்டெல் பிராசசர் என்று ஜாப்ஸ் அறிவித்தார். நிரலாளர்கள் பழகிக்கொள்ள 999 டாலருக்கு ஒரு பெட்டியும் கொடுத்தார்கள், பிறகு திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள்ளே பெண்டியம் 4. கிட்டத்தட்ட நம் வீட்டு பிசிதான். சில மாதங்களுக்குள் அதிலிருந்த மேக் ஓஎஸ் இணையத்தில் கசிந்தது.

ஆப்பிள் சும்மா இருக்கவில்லை. ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்களை மறையாக்கம் செய்து வைத்தது. அதை விடுவிக்கும் கோப்புக்கு 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரே வைத்தது. விளையாட்டில்லை, நிஜமான கோப்புப் பெயர். அது திறக்க வேண்டிய சாவி மேக்கில் இருக்கும் எஸ்எம்சி என்ற சில்லுக்குள் இருந்தது.

முதல் சில வருஷங்கள் பூட்டை உடைக்கிற வேலையாகவே போயின. மேக்சஸ் என்ற புனைபெயரில் ஒருவர், எஸ்எஸ்இ3 வசதி இல்லாத பழைய பிராசசரிலும் ஓடும்படி கர்னலைத் திருத்தினார். பிறகு ஜாஸ், காலிவே, ஐஅட்காஸ் என்று திருத்தப்பட்ட டிவிடிகள் சுற்றின. போட்டால் ஓடும். ஆனால் ஆப்பிள் ஒரு அப்டேட் விட்டதும், திருத்திய கோப்பின் மேல் அசல் கோப்பு வந்து உட்காரும். மறுநாள் பெட்டி எழுந்திருக்காது. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவும் முடியாது. யார் எதைத் திருத்தினார்கள் என்பதே தெரியாதே!

இந்த வரலாற்றின் பெரிய திருப்பம், பூட்டை உடைப்பதை விட்டுவிட்டு வேறு மாதிரி யோசித்ததில் வந்தது. டேவிட் எலியட் என்பவரின் பூட்-132 முறை சொன்னது இதுதான்: டிஸ்க்கில் இருக்கும் ஆப்பிளின் கோப்புகளைத் தொடாதே. கர்னல் எழுந்திருக்கும் முன், அதற்கு வேண்டியதை நினைவகத்தில் வைத்துக் கொடு. நெட்காஸ் என்பவர் ஆப்பிளின் ஈஎஃப்ஐ சூழலைப் பிசியில் பாவனை செய்தார். எஸ்எம்சி சில்லு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஃபேக்எஸ்எம்சி வந்தது. இந்த வழியில் கமேலியன், பிறகு குளோவர், 2019இல் ஓப்பன்கோர் என்று வளர்ந்தது.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தில் வேஷம் கட்டியவர் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போது, கட்டியங்காரன் 'நீங்க யாரு, எந்த ஊரு' என்று கேட்பான். வந்தவர் தன் வரலாற்றைச் சொன்னால்தான் ஆட்டம் நகரும். மேக்ஓஎஸ்ஸும் எழும்போது அதையேதான் கேட்கிறது. ஹேக்கின்டாஷ் ஒரு பொய் சொல்கிறது: 'நான் 2019 வருஷத்து ஐமேக்.' அந்த ஒரு பொய் நிற்க, மற்ற எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லியாக வேண்டும். சவுண்டு சில்லு எது, அதன் கம்பிகள் எந்த வரிசை. கிராஃபிக்ஸ் கார்டில் எத்தனை வாய். மதர்போர்டின் பாகங்களை விவரிக்கும் டிஎஸ்டிடி அட்டவணை எங்கே மேக்ஓஎஸ் எதிர்பார்ப்பதிலிருந்து விலகுகிறது. ஆக, கோளாறு பார்ப்பது என்பது பெரும்பாலும் பாகம் மாற்றுகிற வேலை இல்லை. நம் பெட்டியைப் பற்றி நாம் எழுதிக் கொடுத்த விவரத்தில் எது தப்பு என்று தேடுகிற வேலை.

மச்சானின் பெட்டிக்கு வருவோம். 2015இல் வந்த எல் கேப்பிட்டன் முதல், ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் என்று மேக்ஓஎஸ் வரம்பு வைத்தது. யுஎஸ்பி 3 வாய் ஒன்று, பழைய வேகத்துக்கு ஒன்று, புது வேகத்துக்கு ஒன்று என இரண்டாகக் கணக்காகும். அதனால் எந்தப் பதினைந்து வேண்டும் என்று நாமே பட்டியல் எழுதித் தர வேண்டும். மச்சான் காப்பியடித்தது நண்பருடைய மதர்போர்டின் பட்டியல். பயாஸ் பென்டிரைவைப் பார்த்தது, துவக்கியது. கர்னல் பொறுப்பை எடுத்ததும் பட்டியலைப் பார்த்தது. பென்டிரைவ் சொருகிய வாய் அதில் இல்லை. கர்னலைப் பொறுத்தவரை பென்டிரைவே காணாமல் போய்விட்டது. அதனால் தடைக்குறி.

இதை ஊகிக்க வைத்தது வெர்போஸ் முறை. ஆப்பிள் படத்துக்குப் பதிலாகக் கர்னல் செய்வதெல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடும். கடைசி வரிகளில், மூலச் சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு செய்தி. பென்டிரைவைப் பின்பக்கம் வேறு வாயில் சொருகினோம். இன்ஸ்டால் ஓடியது. அப்புறம் ஒவ்வொரு வாயிலும் ஒரு யுஎஸ்பி 2, ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவ் சொருகி, எது எந்த எண் என்று குறித்து, சொந்தப் பட்டியல் எழுதினோம். முழுசாக ஒரு ராத்திரி. ஸ்லீப்புக்குப் போனால் எழாமல் இருந்த பழைய தொல்லையும் அதோடு தீர்ந்தது.

இதெல்லாம் நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆப்பிள் முத்திரை உள்ள கணினியில் மட்டும் என்றுதான் உரிமம் சொல்கிறது. 2008 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் சைஸ்டார் நிறுவனம் இப்படிப்பட்ட பெட்டிகளை 399 டாலர் முதல் விற்கவே ஆரம்பித்தது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தார், 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஓப்பன்கோர் போன்றவை ஆப்பிளின் நிரலை விநியோகிப்பதில்லை, துவக்கும் வேலையை மட்டும் செய்கின்றன. அதனால் உரிமத்தின் வரி மாறிவிடாது. மச்சானும் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார். தொழிலுக்குப் பயன்படுத்தும்போது அந்த உறுத்தல் கூடத்தான் செய்கிறது. நான் அதை மழுப்ப விரும்பவில்லை.

எப்படியும் இந்தக் கதை முடிவுக்கு வந்துவிட்டது. 2018இல் மொஹாவி வந்தபோது புதிய என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் வரவில்லை. அவற்றை வைத்திருந்தவர்கள் ஹை சியராவிலேயே நின்றார்கள். 2020 ஜூன் 22 அன்று ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறுவதாக அறிவித்தது. 2025 ஜூனில், டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டது. இனி வரும் மேக்ஓஎஸ் எதிர்பார்ப்பது ஆப்பிளே செய்த சில்லை. அது எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்காது. எவ்வளவு உண்மை சொன்னாலும் அந்த ஒரு பொய் இனி நிற்காது.

மலிவான மேக் போய்விட்டது என்பது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படவில்லை. வருத்தம் வேறு. பிகாம் படித்த மச்சான், கர்னல் என்றால் என்ன, போர்ட் பட்டியல் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது இந்தப் பெட்டி நின்று நின்று போனதால்தான். ஒழுங்காக ஓடும் எந்தக் கம்ப்யூட்டரும் அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது.

மூன்று வீடியோவும் முகூர்த்தம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தன. கேபினெட்டின் பின்பக்கம் ஒவ்வொரு வாய்க்கும் மேல் வெள்ளை டேப் ஒட்டி, அவர் கையெழுத்தில் எண் இருக்கிறது. ஃபோல்டரை யாராவது கேட்டால் இப்போது கொடுப்பதில்லை. "உன் போர்டு நம்பரை முதல்ல எழுதிட்டு வா" என்கிறார்.