நந்தனாரும் கிந்தனாரும்

தில்லைக்குப் போக வேண்டும் என்று ஏங்கிய நந்தனின் கதையை நம் முன்னோர் கேட்டுக் கண்ணீர் விட்டனர். பட்டணத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று ஏங்கிய கிந்தனின் கதையை அவர்களுடைய பிள்ளைகள் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தனர். முன்னது பெரியபுராணம் கூறும் திருத்தொண்டர் வரலாறு. பின்னது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் என்ற நகைச்சுவை நடிகர் மேடையேற்றிய கதை. நம் இளைஞர்களுள் பலர் முன்னதை அறிவர், பின்னதை அறியார். கல்விக்கென்றே தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அதனை எழுதி வைப்பது தகும் என்று கருதுகிறேன்.

கலைவாணர் நம் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வறுமையால் பள்ளிப் படிப்புத் தொடக்க வகுப்புகளோடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன், வில்லுப்பாட்டில் பழகி, பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தான். படிக்க முடியாமற் போன ஒருவரே படிப்பைப் பற்றிய இக்கதையைப் பிற்காலத்தில் மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதை மறவாதிருத்தல் நன்று.

அவர் பிறந்த காலத்து நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் ஒரு பகுதி. அந்நாளில் அவ்வரசின் பள்ளிகளில் நம்மவர் பிள்ளைகள் நுழைவதற்கு அய்யன்காளி பெரும்போர் நடத்திக்கொண்டிருந்தார். கிருஷ்ணன் சிறு குழந்தையாயிருந்த ஆண்டுகளில்தான், ஊரூட்டம்பலம் என்னும் ஊரில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். பொறாதவர்கள் பள்ளிக் கட்டடத்துக்கே தீ வைத்தனர். ஒரு சிறுமி உட்கார்ந்த பலகையைத் தாமும் தொட நேருமே என்பதற்காகத் தம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையே எரித்தவர்களை என்னென்பது! 1937ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் வெங்கானூர் வந்தபோது, தாம் கண்மூடுமுன் தம் மக்களுள் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெற்றிருப்பதைக் காண வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார் அய்யன்காளி. அவர் கேட்டது கோயில் அன்று, பட்டம். கிந்தனின் கதை அந்த மண்ணின் காற்றைச் சுவாசித்த ஒருவரிடமிருந்து வந்தது.

திரையுலகில் கிருஷ்ணன் அடைந்த உயர்வைச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘மேனகா’ (1935), ‘சதி லீலாவதி’ (1936) ஆகிய படங்களில் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். நகைச்சுவைப் பகுதிகளைத் தம் குழுவைக்கொண்டு தாமே அமைத்துக் கொடுக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவருடைய துணைவியார் டி. ஏ. மதுரம் கலையிலும் அவருக்கு இணையானவர். 1944ஆம் ஆண்டு இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், எம். கே. தியாகராஜ பாகவதருடன் கைது செய்யப்பட்டார். ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் விடுதலையானார். அவர் சிறையிலிருந்த காலத்தில் நாடகக் குழுவைச் சிதறாமற் காத்தவர் மதுரம் அம்மையார், உடனின்றவர் எஸ். வி. சகஸ்ரநாமம்.

சிறையினின்று மீண்ட பின் அவர் சொந்தமாக எடுத்த படம் ‘நல்லதம்பி’ (1949). கதை வசனம் அறிஞர் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. இப்படத்தில்தான் ‘கிந்தனார் காலட்சேபம்’ இடம்பெற்றது. பாடல்களில் உடுமலை நாராயணகவியின் கைவண்ணம் உண்டு.

காலட்சேபம் என்றால் என்னவென்று இன்றைய இளைஞர் சிலருக்குத் தெரியாதிருக்கலாம். பாகவதர் ஒருவர் கையில் சிப்ளாக்கட்டையுடன் நின்று, பின்பாட்டும் மிருதங்கமும் ஆர்மோனியமும் துணைவர, பக்திக் கதையைப் பாட்டும் வசனமுமாக விரித்துரைப்பது. கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரைப் பாரதியார் படைத்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தாலன்றித் தில்லைக்குப் போகலாகாது என்று அவர் தடுக்க, இறைவன் அருளால் ஒரே இரவில் அவ்வேலை முடிகிறது. நந்தன் தில்லை செல்கிறான், தீயில் மூழ்கி முப்புரி நூலுடன் எழுகிறான், சந்நிதியில் மறைகிறான். ஊர் திரும்பவில்லை. அவன் விட்டுச்சென்ற சேரியில் என்ன மாறியது என்று எந்தப் பாகவதரும் பாடியதில்லை.

கலைவாணர் பாகவதரின் கோலத்தையும் பின்பாட்டின் குறுக்கீட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார். நந்தன் இருந்த இடத்தில் கிந்தனை நிறுத்தினார். கிந்தன் சேரிப் பிள்ளை. அவனுக்குப் படிப்பின்மேல் ஆசை. ஊர்ப் பள்ளி வாத்தியாரிடம் அவனுக்குக் கிடைப்பது இகழ்ச்சியே. பட்டணம் போனால் படிக்கலாம் என்று புறப்படுகிறான். அவனை ஏற்றிச் செல்வது புகைவண்டி. அந்த இரயில் பாட்டைக் கேட்டவர் மறக்கமாட்டார். சக்கரத்தின் ஓசையை வாயாலேயே எழுப்பிக்கொண்டு, பிராமணரையும் பறையரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் இரயிலைப் போற்றிப் பாடுவார். நந்தனுக்குத் தீ செய்ததாகச் சொல்லப்படும் வேலையைக் கிந்தனுக்கு மூன்றாம் வகுப்புப் பயணச்சீட்டு செய்துவிட்டது!

பட்டணத்தில் படித்துத் தேறிய கிந்தன், பள்ளி ஆய்வாளராகத் தன் ஊருக்கே திரும்பி வருகிறான். அதிகாரம் பல உண்டு. ஆய்வாளர் பதவியையே அவனுக்குக் கொடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்நாளில் உதவிபெறும் தொடக்கப் பள்ளிக்கு அரசு மானியம் வருவது ஆய்வாளரின் அறிக்கையைப் பொறுத்தது. அவர் வருகிறார் என்றால் சுவர் வெள்ளையாகும், வருகைப் பதிவேடு ஒழுங்காகும், ஆசிரியரின் குரல் தாழும். அந்த நாற்காலியில் கிந்தன் உட்கார்ந்தான்.

அக்கால நாடகங்களிலும் படங்களிலும் சேரி மனிதனைக் கோமாளியாக்கி, அவன் பேச்சையும் நடையையும் காட்டிச் சிரிக்கவைத்தவர் பலர். கிந்தனைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை; அவனை விரட்டியவரைப் பார்த்தே அவை சிரிக்கிறது. பிரம்பு பிடித்த கையினனாகிய யானும் அச்சிரிப்புக்குச் சற்று அஞ்சுகிறேன். எந்த வகுப்பின் கடைசி வரிசையில் எந்தக் கிந்தனை நாம் தலைகுனிய வைத்தோமோ, யார் அறிவார்?

இவ்வளவு பாராட்டிய பின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இரயில் ஏறுகின்ற காட்சிக்கும் ஆய்வாளராக இறங்குகின்ற காட்சிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் கதையில் நொடியில் கடந்துவிடுகின்றன. கிந்தன் பட்டணத்தில் எங்கே படுத்தான்? யார் சோறு போட்டார்? சம்பளம் கட்டியவர் யார்? நகைச்சுவைக் கதையில் அதற்கு இடமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் நம் வீடுகளில் கிந்தன்மார் பாதிவழியில் திரும்பியது அந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை அடைக்கும் வேலை, கலைவாணர் மேடையேறுமுன்பே தொடங்கிவிட்டது. ஆரணிக்கு அருகே நம் குலத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். நந்தன் தீயில் இறங்கியதாகக் கூறப்படும் அதே தில்லையில், அவன் பெயராலேயே பள்ளி எழுந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கி உண்டு படிக்க விடுதியும் எழுந்தது. பிற்காலத்தில் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சுவாமிகள் 1959இல் மறைந்தார். கலைவாணர் அதற்கு ஈராண்டு முன்னதாக, 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயது நிறையுமுன் காலமானார். ஈட்டியதையெல்லாம் கேட்டவர்க்குக் கொடுத்துக் கரைத்துவிட்டவர் அவர். சென்னை தியாகராயநகரில் நிற்கும் அவருடைய சிலையை 1969ஆம் ஆண்டு சனவரியில், தம் மறைவுக்குச் சில நாட்களுக்கு முன், அண்ணா திறந்துவைத்தார். நந்தனார் பள்ளியில் இன்றும் காலையில் மணி அடிக்கிறது.