பல்லோடு பிசினைப் பிணைத்த வரலாறு

பல்லிற் சொத்தை விழுந்தால் அதனைக் குடைந்து தூய்மை செய்து அடைப்பது நெடுநாளைய வழக்கம். ஆயினும் வெள்ளியும் பாதரசமும் கலந்த பழைய அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை. குழிக்குள் பூட்டப்பட்டு நிற்பதேயாகும். அது நழுவாதிருக்க, குழியை வாய் குறுகியதாகவும் அடி அகன்றதாகவும் வெட்டவேண்டியிருந்தது. மேலும், சொத்தை பரவக்கூடிய அண்டைப் பள்ளங்களையும் சேர்த்து வெட்டுக என்று அமெரிக்க அறிஞர் ஜி. வி. பிளாக் விதி வகுத்தார். இவற்றால் நோயுற்ற பகுதியோடு நல்ல பல்லும் இழக்கப்பட்டது. பல்லோடு ஒட்டும் பொருள் கிடைப்பின் இவ்விழப்பைக் குறைக்கலாம் என்பதே பின்வந்த ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

இத்துறையில் வழிதிறந்தவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஆராய்ந்த மைக்கேல் புவோனோகோர். உலோகத்தின்மேல் வண்ணப்பூச்சு நன்கு பற்றுவதற்காகப் பாஸ்பாரிக் அமிலம் பூசும் தொழிற்சாலை வழக்கத்தை அவர் பல்லுக்குப் பொருத்திப் பார்த்தார். 85 விழுக்காட்டு அமிலத்தை முன்பற்களின் மேல் 30 விநாடி தடவிக் கழுவி, அக்ரிலிக் பிசினை வைத்தார். அமிலம் தடவாத பல்லில் பிசின் சில மணி நேரத்தில் விழுந்தது. தடவிய பல்லிலோ பல வாரங்கள் நின்றது. இம்முடிவு 1955இல் வெளியாயிற்று. அமிலம் அரித்த நுண்ணிய குழிகளுள் பிசின் பாய்ந்து இறுகுவதே இப்பிடிப்புக்குக் காரணம்.

இவ்வெற்றி பல்லின் மேலோடாகிய எனாமலுக்கு மட்டுமே உரியது. எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். அதன் கீழுள்ள டென்டினிலோ தாது சுமார் 70 விழுக்காடே. எஞ்சியவை கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீருமாகும். எண்ணற்ற நுண்குழாய்களில் நீர் கசியும் அவ்விடத்தில், நீரை வெறுக்கும் பிசின் எங்ஙனம் பற்றும்? அமிலம் பல்லின் உயிர்ப்பகுதியைத் தாக்கும் என்ற அச்சமும் இருந்தது. எனினும், 1979இல் தோக்கியோவின் புசாயாமா டென்டினிலும் அமிலம் பூசும் முறையை வெளியிட்டார். அமிலத்தால் தாது நீங்கிய புரத வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகி, இரண்டும் கலந்த புதிய அடுக்கு தோன்றுவதை 1982இல் நாகபயாஷி விளக்கினார். டென்டினோடு ஒட்டும் வழி இவ்வாறு தெளிவாயிற்று.

புதுப்புது ஒட்டுபிசின்கள் பெருகவே, எது சிறந்தது என்ற வினா எழுந்தது. பிடுங்கிய பல்லைத் தட்டையாகத் தேய்த்து, பிசின் ஒட்டி, இழுத்து, எவ்வளவு விசையில் பிரிகிறது என்று சோதனைக்கூடங்கள் அளந்தன. இங்கேதான் ஒரு நுட்பம் உண்டு. ஒட்டிய பரப்புப் பெரிதாயின், ஒட்டு விடுவதற்கு முன்பே டென்டின் உடைந்துவிடுவதுண்டு. அப்போது அளக்கப்பட்டது ஒட்டின் வலிமையன்று. 1994இல் ஜப்பானிய அறிஞர் சானோவும் அவர் துணைவர்களும் சோதனைத் துண்டின் இடையைச் சுமார் 1 சதுர மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கி இழுத்தனர். பரப்புச் சிறுக்கச் சிறுக்க, ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிடைத்த வலிமை உயர்ந்தது. சிறு பரப்பிற் குறைபாடுகள் குறைவு என்பதே காரணம். அதே பிசின், அதே பல். ஆயினும் எண் வேறு!

ஆகவே, ஒரு கூடத்தின் எண்ணை மற்றொரு கூடத்தின் எண்ணோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. பல்லின் வகை, பரப்பு, இழுக்கும் வேகம் ஆகியன ஒத்திருந்தாலன்றி ஒப்பீடு ஒப்பீடாகாது. காலமும் கருதத்தக்கது. 24 மணி நேரம் நீரில் வைத்து இழுக்கும்போது முதலிடம் பெற்ற பிசின், பல மாதம் நீரில் ஊறியபின் தளரக்கூடும். பிசின் முற்றும் புகாத புரத இழைகள் நாளடைவிற் சிதைவதுண்டு.

விளம்பரத்திற் காணும் பெரிய எண் ஒன்றே ஒரு பிசினின் பெருமையை நிலைநாட்டாது. அவ்வெண் எவ்வாறு அளக்கப்பட்டது, எத்தனை நாள் கழித்து அளக்கப்பட்டது என்று வினவியறிந்த பின்னரே அதனை ஏற்றல் வேண்டும். நல்ல பல்லை வெட்டாமற் காப்பதற்கென்று தொடங்கிய முயற்சி, அடைப்பு வாயில் பல்லாண்டு நிலைத்து நின்றால்தான் நிறைவு பெறும்.